மேல்தாடைக்குள் ஒரு காலி அறை!

"இம்பிளான்ட்" பல் வைக்கும்போது வரும் தொல்லைகளும், அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

இங்கிலாந்து தேசத்தில் ஓர் அம்மாள் இருந்தார். அவருக்குப் பல்லில் தொல்லை. மேல்வரிசையில் இருந்த ஒரு கோரைப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

பல் போயிற்று. தொல்லை போகவில்லை! பல் இருந்த குழியிலிருந்து ஓயாமல் நீர் வடிந்துகொண்டே இருந்தது.

"இந்த நீர் எங்கிருந்து வருகிறது?" என்று பார்க்க அந்த அம்மாள் ஒரு வெள்ளி ஊசியை எடுத்தார். குழிக்குள் விட்டார். அது தடையில்லாமல் மேலே போயிற்று. "ஐயோ, கண் வரைக்கும் போய்விட்டதே!" என்று பயந்துபோனார்.

அப்படியும் ஆவல் அடங்கவில்லை. ஒரு பறவையின் இறகை எடுத்தார். அதன் மெல்லிய தண்டை உள்ளே செலுத்தினார். நீளமான அந்தத் தண்டு முழுவதும் உள்ளே போய்விட்டது!

"சரிதான், மூளைக்கே போய்விட்டது" என்று நடுங்கிப்போய் டாக்டரிடம் ஓடினார்.

அந்த டாக்டரின் பெயர் நத்தானியேல் ஹைமோர். அவர் அம்மாளுக்குத் தைரியம் சொன்னார். "இறகு மூளைக்குப் போகவில்லை. உங்கள் கன்னத்து எலும்புக்குள் ஒரு காலி அறை இருக்கிறது. இறகு அந்த அறைக்குள் வளைந்து சுருண்டுகொண்டது. அவ்வளவுதான்" என்று விளக்கினார்.

1651-ம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட உடற்கூறு புத்தகத்தில் இந்த விவரம் இருக்கிறது. அதன் பிறகு நெடுங்காலம், அந்த அறையை டாக்டர்கள் "ஹைமோர் அறை" என்றே அழைத்து வந்தார்கள்.

அந்த அறை எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கும் உண்டு. வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று. இன்று அதன் பெயர் "சைனஸ்". தலைக்குள் சைனஸ்கள் பல உண்டு. அவற்றில் மிகப் பெரியது இதுதான்.

பல் போன இடத்தில் "இம்பிளான்ட்" பல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. மேல்வரிசையின் கடைவாய்ப் பக்கம் அந்தப் பல்லை வைக்கும்போது, இந்த அறைதான் டாக்டரின் கைக்குச் சோதனை வைக்கிறது!

அறை எப்படி இருக்கும்?

கூரைக்கு மேலே கண் இருக்கிறது. தரைக்குக் கீழே கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. உள்பக்கத்துச் சுவருக்கு அப்பால் மூக்கு.

பெரியவர்களுக்கு இந்த அறை ஏறக்குறைய 15 மில்லி கொள்ளும். அதாவது, ஒரு மேஜைக்கரண்டித் தண்ணீர்.

அறை முழுவதும் காற்று. சுவர் முழுவதும் ஈரமான மெல்லிய ஜவ்வு. முட்டை ஓட்டை உரித்தால் உள்ளே வெள்ளையாக ஒரு தோல் வருகிறது அல்லவா? அதுபோன்ற ஜவ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதன் கனம் 1 மில்லிமீட்டர் கூட இராது.

இந்த அறைக்கு ஒரே ஒரு வாசல். அது மூக்குக்குள் திறக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வாசல் தரையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது!

அப்படியானால் உள்ளே ஊறும் சளி எப்படி வெளியே போகும்? ஜவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவை இரவு பகலாக அசைந்து, சளியை மேல்நோக்கித் தள்ளி, வாசல் வழியே மூக்குக்குள் சேர்க்கின்றன.

வாசல் திறந்திருந்து, மயிர்கள் வேலை செய்தால் அறை சுத்தமாக இருக்கும். வாசல் அடைத்துக்கொண்டால் சளி தேங்கும். தேங்கினால் சீழ் பிடிக்கும். பின்னால் வரப்போகும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

எலும்போடு ஒட்டிய உலோகம்

"இம்பிளான்ட்" என்பது செயற்கையான பல் வேர். டைட்டானியம் என்ற உலோகத்தால் செய்த சிறிய திருகு அது. அதைத் தாடை எலும்புக்குள் திருகி வைக்கிறார்கள். சில மாதங்களில் எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதன் தலையில் பல்லைப் பொருத்துகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் பெர் இங்வார் பிரேனெமார்க் என்ற சுவீடன் நாட்டு டாக்டர். 1950-களில் அவர் முயலின் எலும்புக்குள் ரத்தம் ஓடுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக டைட்டானியக் கருவி ஒன்றை எலும்பில் பதித்தார். வேலை முடிந்ததும் கழற்றப் பார்த்தார். வரவில்லை! எலும்பும் உலோகமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

"இது பல் இல்லாதவர்களுக்கு உதவுமே!" என்று அவருக்குத் தோன்றியது. 1965-ல் சுவீடனில் உள்ள கோதன்பர்க் நகரில், முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்த முறையில் பல் வைத்தார்.

1965 முதல் 1980 வரை அந்த ஊரில் 371 பேருக்கு 2,768 திருகுகள் வைக்கப்பட்டன. அவற்றின் கணக்கை 1981-ல் வெளியிட்டார்கள். 5 முதல் 9 ஆண்டு வரை பார்த்ததில், கீழ்த்தாடையில் வைத்த திருகுகளில் 100-க்கு 91 நிலைத்து நின்றன. மேல்தாடையில் 100-க்கு 81 தான் நின்றன.

அதன் பிறகு திருகுகளும் முறைகளும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனால் மேல்தாடை கொஞ்சம் கஷ்டமான இடம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

தரை இறங்குகிறது!

மேல்தாடை ஏன் கஷ்டம்? இரண்டு காரணங்கள்.

முதலாவது: மேல்தாடையின் பின்பக்கத்து எலும்பு மிருதுவானது. கீழ்த்தாடை எலும்பு தேக்குப் பலகை என்றால், இது நெட்டி போன்றது. திருகுக்குப் பிடிப்பு குறைவு.

இரண்டாவது: பல் போனபின் எலும்பு கரைகிறது. கீழே ஈறுப் பக்கம் கரைந்து மேலே ஏறுகிறது. மேலே அறையின் தரையோ கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே எலும்பு மெலிந்துகொண்டே போகிறது. பல் பிடுங்கிப் பல ஆண்டுகள் சும்மா இருந்தவர்களில் சிலருக்கு, அங்கே 2, 3 மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சியிருக்கும்.

சாதாரணமாக வைக்கும் திருகின் நீளமோ 8 முதல் 12 மில்லிமீட்டர்! மெல்லிய ஓட்டில் நீளமான ஆணி அடித்தால் என்ன ஆகும்?

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அறையின் ஜவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, கீழே எலும்புத் தூளை நிரப்பி, தரையை உயர்த்திவிடுவது! அமெரிக்காவில் டேட்டம் என்ற டாக்டர் 1970-களில் இதைச் செய்து காட்டினார். பாயின், ஜேம்ஸ் என்ற இருவர் 1980-ல் இதைப்பற்றி எழுதி வெளியிட்டார்கள். இதற்கு "சைனஸ் லிஃப்ட்" என்று பெயர்.

கன்னத்துப் பக்கம் எலும்பில் சிறு ஜன்னல் வெட்டி அதன் வழியே ஜவ்வைத் தூக்குவது ஒரு முறை. திருகு வைக்கும் துளை வழியாகவே, சிறு உளி போன்ற கருவியைத் தட்டித் தட்டித் தூக்குவது இன்னொரு முறை. இது சம்மர்ஸ் என்ற டாக்டர் 1994-ல் சொன்னது.

ஆபரேஷன் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. ஆனாலும் சில சமயம் இடைஞ்சல் வரும். என்னென்ன வரும்? வந்தால் என்ன செய்வார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜவ்வு கிழிந்தால்?

அடிக்கடி வருவது இதுதான். ஜன்னல் வெட்டித் தூக்கும் முறையில், சுமார் ஐந்து ஆபரேஷனில் ஒன்றில் ஜவ்வு கிழிகிறது. கைதேர்ந்த டாக்டருக்கும் இது நேரும்.

கிழிசல் சிறியதாக, 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. ஜவ்வை இன்னும் கொஞ்சம் சுற்றிலும் விடுவித்தால், அது மடிந்து தானே கிழிசலை மூடிக்கொள்ளும். மேலே கொலாஜென் என்ற பொருளால் ஆன மெல்லிய தாளை ஒட்டுப்போடுவார்கள். இந்தத் தாள் பிறகு உடம்போடு கரைந்துவிடும். வேலை தொடரும்.

கொஞ்சம் பெரிய கிழிசல் என்றால் பெரிய தாள். மிகப் பெரிய கிழிசல் என்றால், "இன்றைக்கு இத்தோடு நிறுத்துவோம்" என்று மூடித் தையல் போட்டுவிடுவதே உத்தமம். சில மாதங்களில் ஜவ்வு மறுபடி வளர்ந்துவிடும். பிறகு மீண்டும் செய்யலாம்.

நிறுத்தாமல், ஓட்டை வழியே எலும்புத் தூள் சிதறினால் என்ன ஆகும்? அந்தத் தூள் அறைக்குள் போய் வாசலை அடைக்கும். அப்புறம் சீழ்தான். ஆகவே, பாதியில் நிறுத்திய டாக்டரைக் "கையாலாகாதவர்" என்று ஏசாதீர்கள்! நிறுத்தத் தெரிந்த டாக்டர் நல்ல டாக்டர்.

ரத்தம் பெருகினால்?

ஜன்னல் வெட்டும் சுவருக்குள் ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. சிலருக்கு அது மெல்லியது. சிலருக்குத் தடித்தது. தடித்த குழாய் வெட்டுப்பட்டால் ரத்தம் பெருகும்.

உயிருக்கு ஆபத்தாவது மிகவும் அபூர்வம். ஆனால் ரத்தம் பெருகும்போது டாக்டருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அதுதான் கஷ்டம். நோயாளியின் தலையை உயர்த்தி, துணியை வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். நிற்காவிட்டால் எலும்பு மெழுகை அப்புவார்கள். அல்லது மின்சாரக் கருவியால் குழாயின் வாயைச் சுட்டு அடைப்பார்கள்.

முன்கூட்டியே ஸ்கேன் படம் எடுத்தால், குழாய் ஓடும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதை ஒதுக்கி ஜன்னல் வெட்டலாம்.

வீட்டுக்குப் போன பிறகு, ஓரிரு நாள் எச்சிலிலும் மூக்கிலும் லேசாக ரத்தம் தெரிவது சகஜம். வாயில் ரத்தம் பெருகினால், சுத்தமான துணியைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து அரைமணி நேரம் கடியுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். வாயை அடிக்கடி கொப்பளிக்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

திருகு அறைக்குள் விழுந்தால்?

கேட்கவே பயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதுவும் நடப்பது உண்டு.

எலும்பு மெலிந்த இடத்தில் பிடிப்பு இல்லாமல் வைத்த திருகு, வைக்கும்போதே வழுக்கி அறைக்குள் விழலாம். சில சமயம் பல நாள் கழித்து விழும். சில சமயம் ஆண்டுகள் கழித்துக்கூட விழும். பலமாகத் தும்மும்போதும், மூக்கைச் சிந்தும்போதும் அறைக்குள் காற்றின் அழுத்தம் மாறுகிறது. ஆடிக்கொண்டிருக்கும் திருகு அதனால் நழுவக்கூடும்.

விழுந்த திருகு ஒரே இடத்தில் சும்மா இராது. சளியைத் தள்ளும் நுண்ணிய மயிர்கள் அதையும் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வாசலை அடைத்துவிட்டால் சீழ் பிடிக்கும். வேறு சைனசுக்குப் போய்ச் சேர்ந்த திருகுகளும் உண்டு.

அப்போது டாக்டர் செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை, நோயாளியிடம் உண்மையைச் சொல்வது. இரண்டாவது வேலை, படம் எடுத்துத் திருகு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. விழுந்த துளையிலேயே கருவியை விட்டுத் துழாவக் கூடாது. துழாவினால் துளை பெரிதாகும். திருகு இன்னும் உள்ளே போகும்.

எடுப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று பழைய வழி. மேல் உதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே எலும்பில் ஜன்னல் வெட்டி எடுப்பது. 1893-ல் அமெரிக்க டாக்டர் கால்டுவெல்லும், 1897-ல் பிரெஞ்சு டாக்டர் லூக்கும் தனித்தனியே எழுதிய முறை இது. இன்றும் இருவர் பெயராலேயே வழங்குகிறது.

இன்னொன்று புது வழி. மூக்குத் துவாரம் வழியே விளக்கும் கண்ணாடியும் பொருத்திய மெல்லிய குழாயை விட்டு, வாசலைக் கொஞ்சம் அகலமாக்கித் திருகை எடுப்பது. 1980-களில் ஐரோப்பாவிலிருந்து பரவிய இந்த முறையைக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் செய்கிறார்கள். வெளியே தழும்பு தெரியாது. அடைபட்ட வாசலும் அதே சமயத்தில் திறந்துவிடும்.

"வலி இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுவது தவறு. இன்று வலி இராது. நாளைக்குச் சீழ் பிடிக்கலாம்.

தண்ணீர் மூக்கில் வந்தால்?

தண்ணீர் குடிக்கிறீர்கள். அது மூக்கு வழியாக வருகிறது. அப்படியானால் வாய்க்கும் அறைக்கும் நடுவே வழி விழுந்துவிட்டது என்று பொருள்.

பல் பிடுங்கும்போதும் இது நேரலாம். திருகைக் கழற்றும்போதும் நேரலாம். 2 மில்லிமீட்டருக்குக் குறைவான சிறு துளை, உள்ளே சீழ் இல்லாவிட்டால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பெரிய துளை மூடாது. கன்னத்துப் பக்கத்து ஈறுச் சதையை இழுத்து மூடித் தைப்பார்கள். கன்னத்தின் உள்ளே இருக்கும் கொழுப்பைக் கொண்டுவந்து மூடும் முறையும் உண்டு.

உள்ளே சீழ் இருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். சீழை உள்ளே வைத்து மேலே தையல் போட்டால் தையல் நிற்காது.

தலை சுற்றினால்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்தால், வீடே சுழல்கிறது! புரண்டு படுத்தால் மறுபடி சுழல்கிறது. "பல்லுக்கு வைத்தியம் பார்க்கப் போய் மூளைக்கு ஏதோ வந்துவிட்டதே!" என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப் போவார்கள்.

மூளைக்கு ஒன்றும் வரவில்லை. காதின் உள்ளே நமது உடம்பை நிலைநிறுத்தும் உறுப்பு இருக்கிறது. அதில் மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. உளியைத் தட்டிய அதிர்ச்சியில் சில துகள்கள் இடம் மாறி விழுந்துவிடுகின்றன. தலையை அசைக்கும்போதெல்லாம் அவை உருண்டு தலைசுற்றலை உண்டாக்குகின்றன.

வைத்தியமும் வேடிக்கையானதுதான். நோயாளியைப் படுக்கவைத்து, தலையை ஒரு வரிசைப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார்கள். துகள்கள் பழைய இடத்துக்கே போய்விடும். 1992-ல் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வெளியிட்ட முறை இது. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சுற்றல் நின்றுவிடும். ஆனால் இதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் சீழா?

ஜலதோஷம் பிடித்தால் இரண்டு மூக்கும் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் ஒழுகுகிறதா? அதில் கெட்ட வாடை வருகிறதா? கன்னம் கனக்கிறதா? குனிந்தால் வலி அதிகமாகிறதா? அந்தப் பக்கம் பல் வைத்தியம் செய்துகொண்டவரா? அப்படியானால் பல்லின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "ஜலதோஷம்" என்று மாத்திரை வாங்கித் தின்கிறார்கள். ஆவி பிடிக்கிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகும்போது "பல் வைத்தேன்" என்று சொல்வதே இல்லை. "மூக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்கிறார்கள். பல் டாக்டரிடம் மூக்கைப்பற்றிச் சொல்வதில்லை. மூக்கு டாக்டரிடம் பல்லைப்பற்றிச் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் நடுவே சீழ் வளர்கிறது!

இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. ஸ்கேன் படம் எடுப்பார்கள். சீழை அடக்க மருந்து தருவார்கள். வாசல் அடைபட்டிருந்தால் திறப்பார்கள். திருகு கெட்டியாக இருந்தால் சில சமயம் அதைக் காப்பாற்றிவிடலாம். நிரப்பிய எலும்புத் தூளிலேயே சீழ் பிடித்திருந்தால் அதை எடுத்துவிடத்தான் வேண்டும்.

இதை அலட்சியம் செய்யக்கூடாது. கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்தாலோ ஒரு நாள் கூடக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறையின் கூரைக்கு மேலே கண் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

திருகு ஆடினால்?

எலும்பு பிடித்துக்கொண்ட திருகு ஆடாது. ஆடுகிறது என்றால் எலும்பு ஒட்டவில்லை. அதைக் கழற்றிவிட வேண்டும். இது தோல்விதான். ஆனால் கடைசித் தோல்வி அல்ல. சில மாதம் பொறுத்து, எலும்பு ஆறிய பிறகு மறுபடி வைக்கலாம்.

சில சமயம் திருகு ஆடாது; அதன் மேல் மாட்டிய பல் மட்டும் ஆடும். அது எளிதில் முடுக்கிவிடக் கூடியது. எது ஆடுகிறது என்று டாக்டர்தான் சொல்ல முடியும். நீங்களாக அசைத்துப் பார்க்காதீர்கள்.

எலும்பு ஒட்டுவதற்கு மேல்தாடையில் பெரும்பாலும் 4 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். "மகள் கல்யாணத்துக்கு முன்னால் பல் வேண்டும்" என்று அவசரப்படுத்தினால், கெடுவது உங்கள் பல்தான்!

ஆபரேஷனுக்கு முன்னால்

வருமுன் காப்பதே சிறந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு.

நீரிழிவு இருக்கிறதா? சொல்லிவிடுங்கள். சர்க்கரை அடங்காமல் ஆபரேஷன் செய்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, மாத்திரை உண்டா? முகத்தில் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்தது உண்டா? அதையும் சொல்ல வேண்டும். அத்தகையவர்களுக்குத் தாடை எலும்பு ஆறுவது கடினம்.

சிகரெட், பீடி பிடிக்கிறீர்களா? விட்டுவிடுங்கள். புகை பிடிக்கிறவர்களுக்குத் திருகு நிலைக்காமல் போவது மற்றவர்களைவிட அதிகம்.

மூக்கடைப்பு, சைனஸ் தொல்லை முன்பே இருந்தால், முதலில் அதைக் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். கழுவாத பாத்திரத்தில் பால் காய்ச்சினால் பால் திரிந்துபோகும் அல்லவா?

அப்புறம் படம். பழைய எக்ஸ்ரே படத்தில் நீளமும் உயரமும் தெரியும், கனம் தெரியாது. இப்போது பற்களுக்கென்றே முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறது. எலும்பு எத்தனை மில்லிமீட்டர், ஜவ்வு தடித்திருக்கிறதா, வாசல் திறந்திருக்கிறதா, ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் அதில் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு, மூன்று நாள் கன்னம் வீங்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போகலாம். பயப்பட வேண்டாம். தானே வடியும். மூன்று நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினால்தான் கவலை.

டாக்டர் சொல்கிறவரை மூக்கைச் சிந்தக்கூடாது. பெரும்பாலும் இரண்டு வாரமாவது பொறுக்கச் சொல்வார்கள். மூக்கு ஒழுகினால் துணியால் ஒற்றி எடுங்கள்.

தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மலை அடக்காதீர்கள். அடக்கிய காற்று அறைக்குள் புகுந்து ஒட்டுப்போட்ட ஜவ்வைப் பிய்த்துவிடும்.

குழல் போட்டு இளநீர் உறிஞ்சக் கூடாது. ஊதாங்குழலால் அடுப்பு ஊதக் கூடாது. குழந்தைக்குப் பலூன் ஊதித் தரக் கூடாது. சங்கு, நாதசுரம் ஊதுகிறவர்கள் தொழிலுக்கு எப்போது திரும்பலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விமானப் பிரயாணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாரம் தூக்க வேண்டாம். தலையை உயர்த்திப் படுங்கள். சூடான காரச் சாப்பாடு வேண்டாம். கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

இன்னொரு முக்கியமான காரியம். வைத்த திருகின் பெயர், அளவு, வைத்த தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால், அந்தச் சீட்டுத்தான் அவருக்கு வழி காட்டும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா?

வேண்டியதில்லை. எலும்பு கொஞ்சம் இருந்தால் குட்டைத் திருகு வைக்கலாம். அறையைத் தொடவே வேண்டாம். பக்கத்துப் பற்களைப் பிடித்துப் பாலம் போலப் பல் கட்டலாம். கழற்றி மாட்டும் பல் செட்டு இருக்கவே இருக்கிறது. இதில் ஆபரேஷன் இல்லை, செலவும் குறைவு. எது தக்கது என்று டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. "எனக்கு எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? வேறு வழி உண்டா? தொல்லை வந்தால் யாரிடம் வர வேண்டும்?" இந்த மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும்.

ஜவ்வு கிழிவதும், ரத்தம் வருவதும், திருகு நழுவுவதும் யார் கையிலும் நடக்கக் கூடியவை. அவை ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. வழி இல்லாமல் போவது மறைப்பதால்தான். டாக்டர் நோயாளியிடம் மறைக்கக் கூடாது. நோயாளியும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

மூக்கில் ஒரு பக்கம் வாடை வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்!